கழுத்து வீங்கிய பூ

காலையில் மொட்டை மாடிக்கு ஏறிய மீட்டர், பூசணிக் கொடியின் பக்கத்தில் போய் நின்று, மூன்று தெரு கேட்கும்படி ஒரு கத்துக் கத்தினார். கீழே தையல் மெஷினில் இருந்த மனைவி, மனிதர் வழுக்கி விழுந்துவிட்டார் என்றே முடிவு செய்தாள். ஆனாலும் கையிலிருந்த சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிட்டுத்தான் மேலே வந்தாள்.

"என்னங்க, உயிரோட இருக்கீங்களா?"

"பெண் பூ பூத்திருக்குடி!"

வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து, ஊரிலுள்ள அத்தனை நாய்களிடமும் ஒரு கடியாவது வாங்கி ஓய்வு பெற்றவர் அவர். பெயர் போய் 'மீட்டர்' மட்டும் நிலைத்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகு மாடி முழுக்க மண் பைகளை அடுக்கித் தோட்டம் போட்டார். முதல் பருவத்தில் தக்காளியை மாவுப்பூச்சி தின்றது. அடுத்த பருவத்தில் வெண்டைக்காய் காய்த்தது. ஆனால் அதை முறிக்க ரம்பம் தேவைப்பட்டது. விதைத்ததெல்லாம் இப்படிப் போக, யாரும் விதைக்காத ஒரு மிளகாய்ச் செடி கழிவுநீர்க் குழாய் ஓரத்தில் முளைத்துக் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அதையும் அவர் தன் சாதனைக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

மனைவிக்கு அந்த மாடி வேண்டும். மேலே தகரக் கூரை போட்டுத் தையல் வகுப்பு நடத்த வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. "இந்தப் பருவத்துல ஒரே ஒரு பூசணிக்காய் காட்டுங்க, நான் வாயே திறக்கல. இல்லேன்னா மண்ணு மூட்டையெல்லாம் தெருவுக்கு, மாடி எனக்கு" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்குக் கழுத்தில் குட்டிக் காய் ஒன்று உருண்டையாக இருக்கும். பூ விரிவது ஒரே ஒரு காலைதான். வெயில் ஏறுமுன் ஆண் பூவின் மகரந்தம் அதன் மேல் படாவிட்டால் சுருண்டு விழுந்துவிடும். மீட்டரின் ஆண் பூக்களோ முன்னாலேயே பூத்துக் கொட்டித் தீர்ந்திருந்தன. மிச்சமிருந்த மொட்டுகளை அணில் பார்த்துக்கொண்டது. தேனீக்கள் இந்தத் தெருவைத் தள்ளிவைத்து வெகுகாலம் ஆகிறது.

ஆண் பூக்கள் பக்கத்து மாடியில் மஞ்சள் மஞ்சளாய் மலர்ந்து சிரித்தன. அது மாத்திரையின் கொடி.

மாத்திரை என்பவள் பக்கத்து வீட்டுக்காரி. வாழ்நாளெல்லாம் மருந்துக்கடை நடத்தியவள். மீட்டரின் எருத்தண்ணீர் அவளுடைய புதுச் சுண்ணாம்புச் சுவரில் வழிந்த நாளில் தொடங்கிய சண்டைக்கு இன்னும் வயசாகவில்லை. அவள் கொடியில் இதுவரை ஒரு காய்கூட நின்றதில்லை. காரணம் மீட்டருக்குத் தெரியும். கழுத்து வீங்கிய மொட்டைக் கண்டால் அவளுக்கு அது நோய். பரவிவிடுமாம். சாமணத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி, பையில் போட்டுக் கட்டி, குப்பையில் எறிவாள். மாலைதோறும் மீட்டர் அதை ரகசியமாகப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். தோட்டம் அவருக்குத் தந்த ஒரே நிச்சயமான மகசூல் அதுதான்.

இப்போது அவளிடம் போய்க் கையேந்த வேண்டும். நடுவிலிருந்த கைப்பிடிச் சுவரருகே போய்த் தொண்டையைச் செருமினார்.

"என்ன மீட்டரு, காலங்காத்தால மூஞ்சியைக் காட்டுறீங்க? இன்னிக்கு எனக்கு உருப்படியா நாலு வேலை ஆகணும்."

"ஒரு பூசணிப் பூ வேணும்."

"யார் தலையில வைக்க? உங்களுக்குத்தான் அங்க ஒண்ணுமில்லையே."

மனைவி பின்னாலிருந்து சிரித்தாள். மீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு விவரத்தைச் சொன்னார். மாத்திரை சாமணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நிதானமாக வந்தாள்.

"தரேன். ஆனா என் கொடி ஏன் காய்க்கலன்னு நீங்க சொல்லணும். உங்களுக்குத் தெரியும். சாயங்காலமானா சுவருக்குப் பின்னாடி ஒரு மொட்டைத் தலை குலுங்குது, எனக்குக் கண்ணில்லையா?"

"மண்ணு சரியில்ல."

"முப்பது வருஷம் இல்லாத வயித்துவலிக்கு மருந்து கேட்டவங்களையெல்லாம் பாத்தவ நான். பொய் சொன்னா உங்களுக்குக் காது ஆடுது."

"தண்ணி ஜாஸ்தி."

"இப்ப ரெண்டு காதும் ஆடுது. சொல்லாட்டி போங்க, எனக்கென்ன. உங்க பூதான் வாடுது."

திரும்பிப் பார்த்தார். வெயில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. பெண் பூவின் இதழ் ஓரம் மெல்லச் சுருள ஆரம்பித்திருந்தது.

"நோவுன்னு கிள்ளிக் கிள்ளிப் போடுறீங்களே, கழுத்து வீங்கின பூ, அதான் காய்!"

மாத்திரை இடுப்பிலிருந்த சாமணத்தை எடுத்துச் சுவர்மேல் வைத்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் மொட்டுலேர்ந்து." இதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை. "நேத்து ஒரே பையில அரை வண்டி பூசணிக்காயைக் கட்டிக் குப்பையில போட்டீங்க பாருங்க, ராத்திரி தூக்கத்துலகூடச் சிரிச்சேன்!"

"அட நாசமாப் போறவனே!"

கைக்கு வந்த பூவைப் பிடுங்கி அவர் முகத்தில் எறிந்தாள். அவளுக்குக் காய்தான் இல்லை. அவனுக்குப் பூவும் இருக்கக் கூடாது என்று கொடியிலிருந்த பூவையெல்லாம் உருவினாள். காம்போடு, இலையோடு, பூக்கள் சுவரைத் தாண்டிப் பறந்து வந்தன. ஒன்று நெற்றியில், ஒன்று காதில். மீட்டர் ஒரு கணம் மிரண்டார். மறுகணம் வேட்டியை மடித்து ஏந்திக்கொண்டார்.

"இவ்வளவுதான் குறியா? இந்தக் கையாலயா ஊசி போட்டே?"

இன்னும் ரெண்டு வந்தது.

"உன் மாத்திரையைத் தின்னவன் எவன்டி பிழைச்சான்?"

ஒரு கொத்தே வந்தது. கடைசிப் பூவோடு கையை ஓங்கியபோதுதான் மாத்திரைக்கு விஷயம் உறைத்தது. அதற்குள் மீட்டர் மடி நிறைய மாப்பிள்ளைகளோடு ஓடியிருந்தார். இதழ்களைப் பிய்த்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் தேய்த்தார். ஒன்று போதும். அவர் எட்டையும் தேய்த்தார்.

காய் நின்றது. கோலிக்குண்டானது, ஆரஞ்சானது, ஒரு நாள் குழந்தையின் தலையளவு ஆனது. மனைவி மேலே வந்து, கடையில் வாங்கி நூல் கட்டித் தொங்கவிட்ட காயோ என்று காம்பை இழுத்துப் பார்த்தாள்.

"சரி. மாடி உங்களுக்கு" என்றாள். முகம் வாடிவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அக்கா, எங்க மாடி சும்மாத்தானே கிடக்கு? கூரையை இங்க போடுங்க. நானும் ரவிக்கை தைக்கக் கத்துக்கணும்."

இப்போது பக்கத்து மாடியில் தகரக் கூரை நிற்கிறது. பிற்பகல் ஆனால் அதன் நிழல் மீட்டரின் பைகள் மேல் பாதி மாடி நீளத்துக்கு விழுகிறது. கூரை மேல், சாமணத்தை விட்டுப் பூவோடு பூவைத் தேய்க்கக் கற்றுக்கொண்ட மாத்திரையின் கொடி படர்ந்து, தகரம் வளையுமளவுக்குக் காய்த்துக் கிடக்கிறது. கீழே இருபது மெஷின்கள் ஒரே நேரத்தில் கடகடக்கின்றன.

"வெயிலை மறைக்குதுடி! கூரையைத் தள்ளிப் போடு!" என்று மீட்டர் தினமும் சுவரருகே நின்று கத்துகிறார்.

"என்னங்க? கேக்கல!" என்கிறாள் மனைவி, பெடலை இன்னும் வேகமாக மிதித்துக்கொண்டு.