இடுப்பில் கட்டிய ஏழு நாள்

ஆலை வாசலில் முப்பது வருடம் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவள் நான். வராமலே வந்ததாகக் கையெழுத்துப் போட்ட எத்தனை பேரைப் பிடித்திருப்பேன்! என்னைப் பார்த்து, நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் ஒன்று, பொய் எழுதிவிட்டதாகச் சொன்னால் கோபம் வராதா?

வயதானவர்கள் ஒரு நாளில் எவ்வளவு அசைகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. பெல்ட்டில் கோத்து ஏழு நாள் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிய நேரம், கழற்றிய நேரம் இரண்டையும் தாளில் எழுத வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர நான் கழற்றவே இல்லை. எழுதியதில் ஒரு நிமிடம் பிசகில்லை.

எட்டாம் நாள் ஆய்வுக்காரப் பெண் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். கருவியை அதில் செருகிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"அம்மா, தினமும் ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் கழட்டி வெச்சிருக்கீங்களே?"

"யார் சொன்னது?"

"இதுதான். ஒரு மணி நேரம் துளி அசைவுகூட இல்லேன்னா, யாரும் கட்டிக்கலைன்னு எடுத்துக்கும்."

"உன் பொட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்."

"உக்காந்திருந்தாலும் யார்கிட்டயாவது பேசுவோம், திரும்பிப் பார்ப்போம். கொஞ்சமாவது அசைவு இருக்கும்மா. இப்படியே விட்டா உங்க தாளை நம்ப முடியாதுன்னு தள்ளிடுவாங்க."

"கருவி கெட்டுப்போச்சு. இப்பவே சோதிச்சுப் பாரு!"

பாவம், ஒத்துக்கொண்டாள். நான் கருவியைக் கட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எதிரே, அக்காவின் நாற்காலியில். அக்கா, தன் மகள் வீட்டோடு போய் ஐந்து மாதமாகிறது. அக்கா இங்கே இருந்தவரை பிற்பகல் முழுக்க எங்களுக்குச் சண்டைதான். அந்த நாற்காலியில் அப்புறம் யாரும் உட்காரவில்லை.

ஒரு மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்பது பேச்சு. ஆலையில் தம்பிக்கும் சேர்த்து மூன்று வருடம் கையெழுத்துப் போட்ட அண்ணனின் கதையைச் சொன்னேன். அவன் முழித்த முழியை நடித்துக் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்படி ஒல்லியாக இருந்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்று திட்டினேன். மணி போனதே தெரியவில்லை.

அவள் மறுபடி செருகிப் பார்த்தாள். திரை முழுக்க மேடும் பள்ளமுமாகக் கோடு.

"கருவி நல்லாத்தான் இருக்கு," என்றாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். "அப்படின்னா மத்த நாளெல்லாம் நீங்க..."

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஏழு நாளும் மூன்றரை மணி நேரம், முகம் திருப்ப ஆளில்லாமல், கை ஓங்க ஆளில்லாமல், பெட்டிக்கே ஆள் இருப்பது தெரியாதபடி உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகம் இளகத் தொடங்கியது. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

"கழட்டித்தான் வெச்சிருந்தேன்," என்றேன். "இடுப்பெல்லாம் அரிப்பு. தாள்ல சும்மா எழுதிட்டேன், போதுமா?"

அவள் ஏழு பிற்பகலுக்கும் 'அணியவில்லை' என்று எழுதித் தாளை என் பக்கம் நகர்த்தினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.