கார்பன் தாளுக்கு அடியில்

அறுபத்தொரு கடிதங்கள். பெட்டியைத் திறந்த முதல் மாலையே எண்ணிவிட்டேன். நம்பிக்கை வராமல் இரண்டாவது முறை எண்ணியபோது அறுபது வந்தது. மூன்றாவது முறையும் எண்ணி, அறுபத்தொன்று என்று உறுதியான பிறகுதான் எழுதினேன். பகலில் சலவைக்கடையில் துணிகளுக்குச் சீட்டுக் கட்டுவது என் வேலை. அங்கேயும் இப்படித்தான். முதலாளி எனக்கு வைத்த பெயர் 'மறுபடியும்'. "மறுபடியும், அந்தப் போர்வையை எடு" என்பார்.

கடை முடிந்ததும் ஆறு மணிக்கு ஆவணக் காப்பகத்தில் மாலை வகுப்பு. பழைய தாள்களைப் பிரித்துப் பட்டியலிட்டுப் பாதுகாப்பது எப்படி என்று எட்டு மாதம் சொல்லித் தருகிறார்கள். கடைசி இரண்டு மாதம் ஆளுக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு நாங்கள் எழுதும் விவரச்சீட்டு, காப்பகத்தின் அச்சுப் பட்டியலில் அப்படியே ஏறும். என்னை வகுப்பில் சேர்த்துவிட்டது அப்பா. இந்தப் பெட்டியைத்தான் கேட்டு வாங்கவேண்டும் என்று சொல்லியனுப்பியதும் அவர்தான்.

"வேற யாரு கைக்காவது போனா தப்புத் தப்பா எழுதி வெச்சிடுவாங்க பாப்பா," என்றார்.

பெட்டியில் இருந்தவை நாவலாசிரியர் ஒருவர் என் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள். காப்பகத்துக்குக் கொடுத்ததும் அப்பாதான். நாவலாசிரியர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா ஒரு பத்திரிகை அலுவலகத்தில் முப்பது வருடம் பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாவலாசிரியரின் ஒன்பது நாவல்களுக்கும் பிழை பார்த்தது அவர்தான். அந்த நாவல்களின் முன்னுரையில் வங்கி அதிகாரி ஒருவருக்கு நன்றி இருக்கும், ஒரு வக்கீலுக்கு இருக்கும், அட்டைப்படம் வரைந்தவருக்கு இருக்கும். அப்பாவுக்கு இருக்காது. "நமக்குள்ள என்னடா நன்றி" என்று நாவலாசிரியர் சொன்னாராம். ஒன்பது தடவையும் அதையே சொன்னார் போலிருக்கிறது. அதனால்தான் இந்தப் பட்டியலில் வரப்போகும் ஒரே ஒரு வரிக்காக அப்பா காத்திருந்தார். நாவலாசிரியரின் நெருங்கிய நண்பர் என்று, தன் பெயருக்குப் பக்கத்தில், அச்சில்.

அம்மா நாவலாசிரியரை 'மூத்த சம்சாரம்' என்பாள்.

"மூத்தவ கூப்பிட்டாச்சா? கெளம்புங்க, கெளம்புங்க. செருப்பு வாசல்லதான் இருக்கு."

"அவனுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்பார் அப்பா. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்பா மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டது மாமா. அன்றைக்கும் அப்பாவிடம் அதே பதில்தான் இருந்தது. அம்மா சண்டை போடவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரியிடம், "வெள்ளந்தியான மனுஷன்கா. ஒருத்தரு ரெண்டு நல்ல வார்த்த எழுதிட்டா உருகிப் போயிடுவாரு" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவள் குரலில் கோபத்தைவிட இரக்கம்தான் கூடுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். ஏழு வயது ஞாபகம். தவறாகவும் இருக்கலாம்.

கடிதம் வந்த நாட்களில் அப்பா என் விரலைப் பிடித்துத் தாளின் பின்பக்கத்தில் தடவ வைப்பார். எழுத்து மேடு தட்டும். "பாத்தியா, எப்படி அழுத்தி எழுதியிருக்கான். மனசுல இருக்கறது அப்படியே கையில வருது."

காப்பகத்தின் வாசிப்பறையில் பேனாவுக்கு இடமில்லை. மை சிந்தினால் போச்சு. எல்லாமே பென்சில்தான். எங்களுக்கு வகுப்பெடுக்கும் அதிகாரி வாசலில் நின்று எங்கள் பையைத் துழாவி, பேனா இருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார். அவருக்கு 'பென்சில் மேடம்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். அவர் முதல் நாள் சொன்னதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "கொடுத்தவங்க என்ன சொன்னாங்கங்கறது நமக்கு வேண்டாம். தாள் என்ன சொல்லுதோ அதை எழுதுங்க."

ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதி, தாளின் அளவு, எதனால் எழுதப்பட்டது, யாருக்கு, முதல் வரி, சுருக்கம் என்று ஆறு கட்டங்கள். முதல் கடிதத்தில் மூன்றாவது கட்டத்தில் 'நீல மை' என்று எழுதினேன். அடுத்த நாள் வந்து பார்த்தபோது சந்தேகமாக இருந்தது. "என் கண்ணுக்கு" என்று அப்பாவை விளிக்கும் வரியும் கீழே கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன. நடுவில் உள்ள எழுத்துகள் கொஞ்சம் மங்கலாக, ஓரம் கலங்கியிருந்தன. பழைய தாள், ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கட்டத்தை அழிக்கவில்லை.

பதினேழாவது கடிதத்தில் தேதி இல்லை. "நேற்று நாவலை முடித்தேன். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்" என்று தொடங்கும் கடிதம். தேதி இல்லாதவற்றுக்கு அதே காலத்து வேறு கடிதங்களைப் பார்த்துத் தேதி கணிக்கவேண்டும் என்பது விதி. பென்சில் மேடத்திடம் போனேன்.

"இவரோட கடிதம் வேற பெட்டியில ஏதாவது இருக்கா மேடம்?"

"வங்கி அதிகாரி வீட்டுலேர்ந்து போன வருஷம் ஒண்ணு குடுத்தாங்க. வக்கீலோடது இப்பதான் வந்திருக்கு, இன்னும் பிரிக்கல. வங்கிக்காரர் பெட்டிய எடுத்துக்கோங்க. கைய கழுவுனீங்களா?"

"ரெண்டு தடவை."

"ஒரு தடவை போதும்மா."

வங்கி அதிகாரியின் பெட்டியில் நான்காவது உறையில் அது இருந்தது. "என் மூத்த அண்ணனுக்கு. நேற்று நாவலை முடித்தேன். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்." தேதி போட்டிருந்தது. கிடைத்துவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறகுதான் முழுவதும் படித்தேன். ஐந்தாவது வரியில் ஒரு சொல்லை அடித்து மேலே வேறு சொல் எழுதியிருந்தார். அப்பாவின் கடிதத்திலும் அதே இடத்தில் அதே அடித்தல். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்தின்மேல் எழுத்து உட்கார்ந்தது. ஒரு கொக்கி, ஒரு புள்ளி விலகவில்லை. மேல் தாளில் பேனா, அடியில் கார்பன். கீழே விழுந்த படியில் பெயரை மட்டும் பிறகு மையில் எழுதிச் சேர்த்திருக்கிறார். வங்கி அதிகாரியின் தாளைத் திருப்பித் தடவினேன். மேடு இன்னும் தூக்கலாக இருந்தது.

இரண்டு வாரம் இரண்டு பெட்டிகளையும் ஒப்பிட்டேன். என் பழக்கப்படி மூன்று தடவை. அறுபத்தொன்றில் நாற்பத்தெட்டு, வங்கி அதிகாரியிடம் இருந்தவற்றின் கார்பன் படிகள். மீதி பதின்மூன்றும் பேனாவால் எழுதியவையாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பன்னிரண்டு அப்படித்தான் இருந்தன. அவை அப்பாவுக்கு மட்டும் எழுதியவை. ஒவ்வொன்றும் நான்கு வரிக்கு மேல் இல்லை. "அச்சுப்பக்கங்கள் அனுப்பியிருக்கிறேன். வியாழனுக்குள் வேண்டும்." "ஏழாம் அத்தியாயத்தில் இரண்டு பிழையை விட்டுவிட்டாய். கவனம்." "நேரில் வந்து உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போ." இந்தக் கடைசிக் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள்.

பதின்மூன்றாவது கடிதம் வேறு மாதிரி. தேதி இல்லை. "மழை மூன்று நாளாக விடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். நீ இங்கே இருந்திருந்தால் இரண்டு பேரும் பேசாமலே இருந்திருக்கலாம். பேசாமல் இருக்க எனக்கு உன்னைத் தவிர ஆளில்லை." இதுவும் கார்பன் எழுத்துதான். ஆனால் வங்கி அதிகாரியின் பெட்டியில் இதற்கு ஜோடி இல்லை. மேல் தாளைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் விவரச்சீட்டை எழுதினேன்: 'நாவலாசிரியர் தம் நெருங்கிய நண்பருக்கு மட்டும் எழுதிய தனிப்பட்ட கடிதங்கள். 61.' தாள் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் விடுமுறை. காலையில் அப்பாவிடம் சீட்டின் நகலை நீட்டினேன். அவர் மேசையில் அடிக்கோலை எடுத்து, படிக்கும் வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினார். அலுவலகத்தில் அப்படித்தான் படிப்பாராம். அடுத்த வரி கண்ணில் பட்டால் மனசு ஓடிவிடும், பிழை தப்பிவிடும். 'மட்டும்' வந்ததும் கோல் நின்றது.

"வேற பெட்டி எதையாவது பாத்தியா பாப்பா?" குரலைத் தணித்துக் கேட்டார்.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "வங்கி அதிகாரியோடதைப் பாத்தேன்."

"ம்."

"மழை பத்தின கடிதம் உங்களுக்கு மட்டும்தான்பா வந்திருக்கு. அது அவர்கிட்ட இல்ல."

"அது வக்கீல்கிட்ட இருக்கு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"அவன் செத்த வீட்டுல வக்கீல் அதை எல்லார் முன்னாடியும் படிச்சாரு. 'என் மனசாட்சிக்கு'ன்னு ஆரம்பிக்கும். அவர் அழுதாரு. கூடியிருந்தவங்க அழுதாங்க. நானும் அழுதுகிட்டு நின்னேன்."

"அன்னிக்குத்தான் தெரிஞ்சுதாப்பா?"

அப்பா சிரித்தார். "முப்பது வருஷம் எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தவன்டி நான். கார்பன் எது, பேனா எதுன்னு தெரியாதா? முதல் கடிதத்தைப் பிரிச்சப்பவே தெரியும். எனக்கு வந்தது மூணாவது தாள். ரெண்டாவது வக்கீலுக்கு."

"அப்ப என் விரலை வெச்சுத் தடவச் சொன்னது?"

"கடிதம் நாலு பேருக்குப் போனா போகட்டும். அச்சுப்பக்கம் எனக்குத்தானே வந்துது? வேற யாருக்காவது அனுப்பினானா? பாத்தியா, இல்லல்ல?" என்றார். நிஜமாகவே என்னிடமிருந்து பதிலை எதிர்பார்த்துப் பார்த்தார்.

அப்போதுதான் அம்மா துணி உலர்த்தும் கம்பிக்குப் பக்கத்தில் நிற்பதைக் கவனித்தேன். பிழிந்த துண்டு கையிலேயே இருந்தது. தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப, தெரிஞ்சேதான் போனீங்களா?"

"நீ உள்ள போ. இது வேற விஷயம்."

"என்ன வேற விஷயம்? அவனுக்கு என்னை விட்டா யாரு இருக்கான்னு சொன்னீங்களே, அதுதானே? வங்கிக்காரர் இருந்திருக்காரு, வக்கீல் இருந்திருக்காரு. அன்னிக்கு யாரும் இல்லாம கெடந்தது நான்."

"அவன் வியாழனுக்குள்ள..."

"ஏமாந்த மனுஷன்னு நெனச்சுட்டேங்க." அம்மா கத்தவில்லை. "பதினேழு வருஷமா, பாவம், யாரோ நல்லா ஏமாத்துறான், இவருக்கு அது புரியலன்னு நெனச்சு உங்களுக்காகத்தான் வருத்தப்பட்டேன். போங்க."

துண்டை உதறிக் கம்பியில் போட்டாள். நுனிகளைச் சமமாக இழுத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பா அடிக்கோலைச் சீட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஒரு காற்புள்ளிக்காக ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்ன கதையை எங்களுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அவர் சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த 'மட்டும்' இருந்துட்டுப் போகட்டும் பாப்பா. ஒரு வார்த்தைதானே. உன்னைத் தவிர யாரு ஒத்துப் பாக்கப் போறா?"

எதற்காக என்னை வகுப்பில் சேர்த்தார், எதற்காக இந்தப் பெட்டியைக் கேட்கச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதம் எடுத்திருக்கிறது.

மறுநாள் மாலை வாசிப்பறையில் சீட்டை எடுத்து அந்த வரியை அழித்தேன். பென்சில் என்பதால் சுவடில்லாமல் போனது. பென்சில் மேடத்தைக் கேட்டு வக்கீலின் பெட்டியிலிருந்து மழைக் கடிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்தேன். பிறகு எழுதினேன்:

'61 கடிதங்கள். இவற்றில் 49, பிறருக்கும் அனுப்பப்பட்டவற்றின் கார்பன் படிகள். விளிப்பும் கையொப்பமும் மையில். பெறுநருக்கு மட்டும் எழுதப்பட்டவை 12. பொருள்: அச்சுப்பிழை திருத்தம்.'

பென்சில் மேடம் இரண்டு முறை படித்தார். "இதைத்தான் இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். பிரமாதம். வகுப்புல காட்டலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். உண்மைக்காக அழித்தேனா, அம்மாவுக்காகவா, என் விரலுக்காகவா என்று இன்னும் எனக்கே தெளிவில்லை.

ஆறு வாரம் கழித்து அச்சுப் பட்டியல் வந்தது. நன்கொடையாளர் என்ற முறையில் அப்பாவுக்கு ஒரு பிரதி. தபாலை வாங்கி மேசையில் வைத்தது அம்மா. அந்த ஆறு வாரத்தில் சாப்பாட்டைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் தவிர அவள் அவரிடம் எதுவும் பேசவில்லை. மூத்த சம்சாரத்தின் பேச்சைக்கூட எடுக்கவில்லை. அந்தக் கேலி இல்லாத வீட்டில் சத்தமே குறைந்துவிட்டது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தைக் கண்டுபிடித்தார். அடிக்கோலை வைத்தார். முதல் வரி, இரண்டாம் வரி. எண்களில் கொஞ்சம் நின்றார். கடைசி வரியின் முற்றுப்புள்ளி வரைக்கும் போய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். நான் கதவருகே நின்றிருந்தேன். என்னிடம் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"பிழை எதுவும் இல்ல," என்றார் கடைசியில், கோலை எடுக்காமலே.