குட்டிக்குச் சோறு யார் போடுவார்?

பெண் கேட்டுப் போகிற வீட்டில்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். நாய்க்குட்டி வாங்கப் போன இடத்தில் குவென்சி அம்மா என்னை உட்கார வைத்து, தேநீர் ஒன்றைக் கொடுத்து, குடைந்து எடுத்துவிட்டார்.

என் கணவர் எல்லை தாண்டி பெய்ரா துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர். அவர் இல்லாத ஓர் இரவில் திருடர்கள் சமையலறைக் கதவை நெம்பி, கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் போனார்கள். சிலிண்டர் போனால் போகட்டும். அன்றிலிருந்து என் மகள் ருவா தனியாகத் தூங்குவதில்லை. ஒன்பது வயதுப் பெண், குளியலறைக்குக்கூட என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள். "நாய் இருந்தாத் தூங்குவேம்மா" என்றாள். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

எங்கள் ஊர் முட்டாரே முழுவதும் விசாரித்ததில் எல்லோரும் சொன்ன பெயர் குவென்சி அம்மாதான். வீட்டோடு நாய் வளர்க்கிறவர். சிங்க நாய் என்போமே, முதுகு நெடுக முடி எதிர்வாட்டில் வளரும் ஜாதி, அது. இருப்பது மேகி என்று ஒரே தாய் நாய். வருஷம் தவறாமல் ஈன வைக்க மாட்டார். இந்த ஈத்தை விட்டால் அடுத்தது எப்போதென்று அவருக்கே தெரியாது. குட்டிகள் அவருடைய சமையலறையிலேயே, அடுப்புக்குப் பக்கத்தில், தாயோடு கிடந்தன. மேகி எழுந்து வந்து என் கையை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

"மேகிக்குப் பிடிச்சுப்போச்சு. இனிமே எனக்குப் பிடிக்கணும்" என்றார் குவென்சி அம்மா.

சுவர் எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார், கட்டிப் போடுவீர்களா, வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் என்னிடமே கொண்டுவருவீர்களா. எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னேன். ருவா அதற்குள் ஒரு பெட்டைக் குட்டியை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பேர் வைக்கப் போறீங்க?"

நாக்கு என்னை முந்திக்கொண்டது. "முரோமோ" என்றேன்.

முரோமோ என்றால் எங்கள் மொழியில் வாய். எங்கள் பக்கம் நாய்க்குப் பெயர் வைப்பது நாய்க்காக அல்ல, அடுத்த வீட்டுக்காரருக்காக. நேரில் திட்டினால் பஞ்சாயத்து வரும். நாயைக் கூப்பிட்டால் யார் என்ன கேட்க முடியும்? பக்கத்து வீட்டுக் குந்தாய் அம்மாவின் அவகாடோ மரம் என் சுவரில் சாய்ந்து சிமென்ட் பலகையைப் பிளந்தது. சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆள் வைத்து, காயும் பிஞ்சுமாகக் கிளையை வெட்டிவிட்டேன். மறுவாரமே அவர் ஒரு நாய் வாங்கி, கோடோ என்று பெயர் வைத்தார். கோடோ என்றால் பொறாமை. தினமும் சாயங்காலம் என் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, "பொறாமையே, வந்து தின்னு" என்று கூப்பிடுவார். மூன்று மழைக்காலமாக இதைக் கேட்டுக்கொண்டுதான் நான் சட்சாக் களி கிண்டுகிறேன். எனக்கும் ஒரு நாய் வரட்டும் என்று காத்திருந்தேன்.

குவென்சி அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "யாரோட சண்டை?"

"இடது பக்கத்து வீடு" என்று ருவா போட்டுக்கொடுத்தாள்.

"ஊர்ல சாவு விழுந்தாப் போவீங்கல்ல? அப்போ குட்டிக்கு யாரு சோறு போடுவா?"

"பக்கத்துல இருக்கவங்க."

"வலது பக்கம் யாரு?"

"சர்ச்."

"சர்ச் சோறு போடாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "போன ஈத்துல ஒருத்தருக்குக் குடுத்தேன். நல்ல மனுஷங்கதான். சாவுக்குப் போயிட்டு, ஆறு பெருகிப் பாலம் மூழ்கி அங்கேயே மாட்டிக்கிட்டாங்க. பக்கத்து வீட்ல பேச்சு வார்த்தை இல்ல. குட்டி எலும்பாத்தான் எங்கிட்டத் திரும்பி வந்துச்சு. பிழைக்கல. அதனால சனிக்கிழமை நானே வரேன். அந்த அம்மா போடுறேன்னு சொன்னா குட்டி உங்களுக்கு. இல்லாட்டி இல்ல."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். ருவா வழி நெடுக அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே குட்டிக்கு பிஸ்கட் என்று பெயரும் வைத்துவிட்டாள்.

"நாலு வார்த்தை பேசினாப் பல்லு கொட்டிடுமா?" என்றார் கணவர், பெய்ராவிலிருந்து போனில்.

"அப்போ நீங்களே வந்து பேசுங்க."

அந்த வாரம் எத்தனை முறை சுவர் வரைக்கும் போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. போவேன், துணியை உதறுவேன், திரும்பி வருவேன்.

சனிக்கிழமை குவென்சி அம்மா குட்டியை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு வந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்தார், கேட்டை ஆட்டிப் பார்த்தார். பிறகு நேராக இடது சுவருக்குப் போய், "வீட்ல யாரு?" என்று கூப்பிட்டார்.

குந்தாய் அம்மா மாவுக் கையோடு வந்து நின்றார். கூட கோடோவும் வந்தது.

"இவங்க ஊருக்குப் போனா இந்தக் குட்டிக்கு நீங்க சோறு போடுவீங்களாம். நெசமா?"

"எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார் குந்தாய் அம்மா. "எங்கிட்ட யாரும் கேக்கலையே."

குவென்சி அம்மா கூடையின் மூடியை மூடினார். ருவா என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அந்தச் சுவரை இடித்துவிடலாம் போலக் கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் குந்தாய் அம்மா. "நாய்க்குச் சோறு போடுற விஷயத்துல இவங்க மேல குத்தம் சொல்ல முடியாது. என் நாயைப் பாருங்க, உருளைக்கட்டை மாதிரி. டாக்டர் தீனியைக் குறைங்கன்னு சொல்றாரு. நான் குறைச்சு என்ன செய்ய? சாயங்காலமானா சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து எலும்பு மழை பெய்யுது."

எனக்கு முகம் சுட்டது. போட்டேன்தான். பெயர் வைத்தது அவர், நாய் என்ன செய்யும்? யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

குவென்சி அம்மா சிரித்துவிட்டார். "சரி, இந்தக் குட்டிக்கு நீங்க போடுவீங்களா?"

"இவங்க வாயைத் தொறந்து கேக்கட்டும்."

இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் என்னையே பார்த்தார்கள். ருவாவின் கை என் பாவாடையை முறுக்கிக்கொண்டிருந்தது.

"குந்தாய் அம்மா, நாங்க ஊருக்குப் போனா இதுக்குச் சோறு போடுவீங்களா?"

"போடுறேன்" என்றார் உடனே, இதற்காகவே காத்திருந்தவர்போல. மாவுக் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையையும் சுவருக்கு மேல் நீட்டினார். "குடுங்க, பாக்கலாம்."

குவென்சி அம்மா குட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தார், நான் சுவருக்கு மேல் கொடுத்தேன். குந்தாய் அம்மா அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகு முடியைத் தடவினார். வெகு நேரம் தடவினார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"திருடன் வந்த அன்னைக்கு எனக்குச் சத்தம் கேட்டுச்சு, ருவா அம்மா. முழிச்சுத்தான் இருந்தேன். நமக்குத்தான் பேச்சு இல்லையேன்னு படுத்துட்டேன். அதுலேர்ந்து எனக்கும் சரியாத் தூக்கம் இல்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அன்று நானும் முழித்துத்தான் இருந்தேன். ருவாவின் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில் ஆள் இருந்தும், கொடுக்கவில்லை.

"நானும் உங்களைக் கூப்பிடலையே" என்றேன்.

"இனிமே நாய் குரைக்குதான்னு பாத்துட்டு இருக்காதீங்க. என் பேரைச் சொல்லிக் கத்துங்க."

"கத்துறேன்" என்றேன்.