ஐந்து மடங்கு வீரியம்

சேதராப்பட்டு கலியமூர்த்தி பஞ்சாலைத் தொழிலாளி. 1960 ஆடி மாதம் வலது கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கெண்டைக்கால் வீங்க, புதுச்சேரியில் டாக்டர் சக்கரபாணியின் சிறிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஹெபாரின் ஊசி போட்டார்கள். மூன்றே நாளில் வீக்கம் வடிந்தது.

நாலாம் நாள் விடிகாலை புட்டி தீர்ந்துபோக, மருந்தறையையும் பரிசோதனைக் கூடத்தையும் கவனித்துவந்த அருளானந்தம் புதுப் புட்டி கொடுத்தார். அது ஐந்து மடங்கு வீரியம். லேபிளைப் படித்திருந்தும், நர்ஸ் ஸ்டெல்லாமேரியிடம் சொல்ல மறந்துவிட்டார். அவள் வழக்கமான அளவையே ஏற்றினாள்.

எட்டு மணிக்குக் கலியமூர்த்தியின் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

"முசியே அருளானந்தம், எப்பவும் போடறதத்தான போட்டேன்!" ஸ்டெல்லாமேரி புட்டியை நீட்டினாள்.

அருளானந்தம், ஓடிவந்த டாக்டரிடம் திரும்பினார். "தப்பு என்னுதுங்க. புட்டி வேற. நான் சொல்லல."

மாற்று மருந்து இருந்தது: புரோட்டமின். ஹெபாரின் என்பது நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறு. அதன் நெடுக எதிர் மின்சுமை. புரோட்டமினில் நேர் மின்சுமை. ரத்தத்தில் சந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், ஹெபாரின் அடங்கிவிடும். ஆனால் அளவு மிஞ்சினால் புரோட்டமினே ரத்தத்தை உறையவிடாது. ஐந்து கண்ணாடிக் குழாய்களில் அவன் ரத்தத்தை எடுத்து, புரோட்டமினைக் கூட்டிக் கூட்டி விட்டுச் சாய்த்துப் பார்த்தார் அருளானந்தம். மூன்றில் தண்ணீராகவே ஓடியது. நான்காவதில் உறைந்தது. அந்த விகிதத்தில் உடலுக்கான அளவைக் கணக்கிட்டு மெதுவாக ஏற்றினார்கள்.

ஈறுகளில் கசிவு நின்றது. மண்டைக்குள் கசிந்ததை எடுக்க வழியில்லை. பதினொரு மணிக்கு இறந்தான்.

அவன் மனைவி அஞ்சலாட்சியிடம் அருளானந்தம் எதையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"கல்யாணமாயி எட்டு மாசம். என் ராசிதான் புள்ளய முழுங்கிடுச்சின்னு மாமியார் சொல்லும். இப்ப சொன்னத அங்க வந்து சொல்லுவீங்களா?"

"வர்றேம்மா."

"அடிப்பாங்க."

"வர்றேன்."

பிணத்தோடு மாட்டுவண்டியில் சேதராப்பட்டுக்குப் போனார். வாசலில், கூடியிருந்தவர்கள் முன்னால் புட்டியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். கலியமூர்த்தியின் அண்ணன் வடிவேல் அறைந்ததில் அவர் மூக்குக்கண்ணாடி தெறித்தது. அவன் மறுபடி கை ஓங்கியபோது யாரும் தடுக்கவில்லை.

மாமியார் செல்வாம்பாள் மட்டும் கூட்டத்தில் மருமகளைத் தேடினாள்.

"ஏன்டி அங்கயே நிக்கிற? வா, என்கிட்ட வா."

அஞ்சலாட்சி அப்போதுதான் அழுதாள். அந்த வாரமே அருளானந்தத்துக்கு வேலை போயிற்று.