மடக்கக் கூடாத கால்

தையல்காரிக்கு வலது கால் சும்மா இருந்ததே கிடையாது. பகலெல்லாம் மிஷின் மிதிக்கும். படுத்தால் தூக்கத்திலும் பாதம் ஆடும். பாழாய்ப்போன அந்தக் காலைத்தான் இன்றைக்குச் சாயங்காலம் வரை மடக்கவே கூடாது என்று உத்தரவு.

வயிற்றுக்குள்ளே கட்டி. லட்சத்தில் ஒருத்தருக்கு வருகிற ரகமாம். "அதுக்கு ரத்தம் ஏகப்பட்டது ஓடுதும்மா. அப்படியே கத்தி வெச்சா நிறுத்த முடியாது" என்றார் டாக்டர். ஆபரேஷன் நாளைக்கு. இன்று காலையிலேயே தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகிற ரத்தக்குழாய்களை அடைத்துவிட்டார்கள். குழாய் நுழைந்த இடத்தில் ஒரு கட்டு. கால் மடங்கினால் அங்கே ரத்தம் பீறிடும்.

"யாராவது காலைப் பிடிச்சுக்கணும். நீங்கதானே வீட்டுக்காரர்?" என்றாள் நர்ஸ்.

வீட்டுக்காரர் வெளியூர் பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். தங்கமான மனுஷன்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம். வந்தாலும் சாப்பாடு, தூக்கம், கிளம்பு. அந்த ஸ்டீரிங்குக்குக் கிடைத்த கை தனக்குக் கிடைக்கவில்லையே என்று அவள் ஏங்கியதை யாரிடம் போய்ச் சொல்ல? வெட்கக்கேடு!

இப்போது அந்தக் கை அவள் முட்டியின் மேல் இருந்தது. காய்த்துப்போன, சூடான கை. நாளைக்கு எழுந்து வருவோமோ மாட்டோமோ, இது போதாது, இன்னும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பிடி தளரும்போதெல்லாம் பாதத்தை லேசாக ஆட்டினாள்.

"அடங்கவே அடங்காதா உன் கால்?"

"மிஷின் மிதிச்ச காலுங்க. பிடிச்சாத்தான் நிக்கும்."

அவர் அழுத்திப் பிடித்தார். அந்த நிம்மதியிலேயே அவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரி டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கை அங்கேயே இருந்தது.

"நர்ஸ் இன்னும் வரலையா?"

"அப்பவே வந்துச்சு. கட்டைப் பார்த்துட்டு, இனிமே மடக்கலாம், நீங்க போய் ஏதாவது சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

"அப்புறம் ஏன் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"வேணும்னேதானே ஆட்டினே? எனக்குத் தெரியாதாக்கும்."

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது, கண் நிறைந்துவிட்டது. பாதத்தை இன்னொரு தரம் ஆட்டினாள். அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.