வழுக்கைப் பாறைக்கு ஒரு வண்டி

கல்குவாரிக்கு நான் முதன்முதலாகப் போன ஞாயிற்றுக்கிழமையே எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். கைவைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், குந்தியிருந்தார்கள், சிலர் பாறைமேல் குப்புறப் படுத்துத் தத்தம் வண்டியின் அடிவயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவனே. ஓய்வுபெற்ற தமிழாசிரியரை எங்கே கண்டாலும் உட்காரவைத்து, கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்து, "நாலு வார்த்தை பேசுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அந்த நாலு வார்த்தை முடிவதற்குள் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவது என்ன மரியாதையோ, எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

கல் வெட்டுவதை நிறுத்திப் பல காலமான குவாரி அது. அதன் வாயிலில் "உள்ளே செல்ல கூடாது" என்று ஒரு பலகை தொங்குகிறது. உரிமையாளரிடம் குழு முறையாக அனுமதி பெற்றிருக்கிறது என்றாலும், ஒற்று விடுபட்ட தடைக்கு நான் எப்படியும் கட்டுப்பட்டிருக்க மாட்டேன். வாரந்தோறும் அங்கே பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் கூடி, காலணிப் பெட்டியளவு வண்டிகளை ரிமோட்டால் இயக்கிப் பாறைமேல் ஏற்றுகிறார்கள். இது பந்தயம் அன்று. விரைந்து போகிறவனுக்கு இங்கே மதிப்பில்லை. நத்தையினும் மெதுவாக, உருளாமல், வழுக்காமல் மேலே போய்ச் சேர்பவனே கெட்டிக்காரன். அவசரத்தைத் தண்டித்து நிதானத்துக்குப் பரிசளிக்கும் ஒரு விளையாட்டை வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டபோது, நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

என்னை அங்கே அழைத்துச் சென்றவர் என் மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அன்று மாலை அவரும் குழுத் தலைவரான பல் மருத்துவரும் என் நாற்காலியின் இருபுறமும் வந்து நின்றார்கள்.

"சார், அடுத்த சீசன்ல இருந்து நீங்கதான் எங்க கௌரவத் தலைவர். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்றார் மருத்துவர்.

"ஒன்றும் செய்யாதவனுக்கு எதுக்குப் பதவி, டாக்டர்?"

"அதனாலதான் சார் அதுக்கு கௌரவம்னு பேரு."

"அத்தான், வெயில்ல நின்னு பாறையை முறைச்சிக்கிட்டு இருக்கறதெல்லாம் எங்க தலையெழுத்து" என்றார் மைத்துனர். "உங்களுக்கு நிழல் இருக்கு, மைக் இருக்கு. நாங்க தப்புத் தப்பா பேசுவோம், நீங்க திருத்திக்கிட்டே இருங்க. நேரம் போறதே தெரியாது."

எனக்கு நேரம் போவது தெரிய வேண்டும். நான் எழுந்து நின்றேன்.

"ஓட்டுநர் இடம் காலி இருக்கா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரிடம் இருந்தது. அதற்கு ஒரு விதியும் இருந்தது. குவாரியின் நடுவே ஆளுயரத்துக்கு மழமழவென்று உருண்டு நிற்கும் பாறைக்கு 'வழுக்கை' என்று பெயர். (மருத்துவரின் தலையைப் பார்த்து வைத்த பெயர் என்பதை மருத்துவர் தவிர அனைவரும் அறிவர்.) புதிதாக வருபவர் ஏதேனும் ஒரு வண்டியை அடிப்படையாக எடுத்து, தம் கையால் அதைப் பாறையேறியாக மாற்றிக் கட்ட வேண்டும். மழைக்கு முந்தைய கடைசி ஞாயிறன்று, கையால் தொடாமல், அதை வழுக்கையின் உச்சிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஓட்டுநர். தவறினால், மழைநீர் வடிந்து குவாரி மீண்டும் திறக்கும்போது அந்தச் சிவப்பு நாற்காலி எனக்காகக் காத்திருக்கும்.

"இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு சார்" என்றார் மருத்துவர், பல்லைப் பிடுங்குவதற்கு முன் பேசும் அதே இதமான குரலில்.

"போதும்" என்றேன்.

அடிப்படை வண்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை என்று எல்லாரும் சொன்னார்கள். முழு வேலையும் அதுதான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூன்று வண்டிகள் எங்கள் உணவு மேசைக்கு வந்து சேர்ந்தன. முதலாவது, மைத்துனர் தாமாகவே கொண்டுவந்து கொடுத்த பழைய பந்தய வண்டி; தாழ்ந்து, பளபளத்து, நின்ற இடத்திலும் ஓடுவதைப் போல இருந்தது. மற்ற இரண்டும் பழைய பொருட்கடையில் கிடைத்தவை. ஒன்று பூசணிக்காய் போன்ற சக்கரங்கள் கொண்ட அசுர வண்டி. இன்னொன்று, முன்முகம் நசுங்கிய ஒரு காட்டுவழி வண்டி. கடைக்காரர் அதைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்.

"சாப்பாட்டை எங்க வைக்கட்டும்? அந்தப் பூசணிக்காய்க்கு மேலயா?" என்றாள் மனைவி. அவள் தையற்காரி, வீட்டின் முன்னறை முழுவதும் அவளுடைய எந்திரமும் துணிகளும். ஆகவே மேசை எனக்கு, தரையும் எனக்கு என்று நான் வாதாடினேன். தரை மட்டும் கிடைத்தது.

தேர்வு வைத்தேன். மாணவர்களின் சிந்தனையைக் கெடுக்கின்றன என்று நான் பறிமுதல் செய்த விடைக் கையேடுகள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. அவற்றை மாடிப்படியில் கோணல்மாணலாக அடுக்கினேன். அந்த நூல்களால் நிகழ்ந்த ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வண்டியும் அதில் ஏறிக் காட்டியது. வேகம், வலிமை, தோற்றம், உறுதி, பொறுமை என்று பாடம் பிரித்து மதிப்பெண் இட்டேன். பொறுமை என்றால், மோட்டார் திணறாமல் அங்குலம் அங்குலமாக நகர்வது.

அசுர வண்டி இரண்டாம் படியிலேயே மல்லாந்தது. தலைக்கனம். காட்டுவழி வண்டி வேகத்தில் முட்டை, தோற்றத்தில் முட்டை. பந்தய வண்டி மூன்று பாடங்களில் ஏறத்தாழ நூறு வாங்கியது, பொறுமையில் பத்து. மொத்தத்தில் அதுவே முதலிடம். மேலும் அது மைத்துனருடையது. அவர் வாசலில் நின்று, "எனக்காக வேண்டாம் அத்தான், நியாயமா பாத்து முடிவு பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நியாயமாகப் பார்த்து அதையே எடுத்தேன்.

அடுத்த மூன்று வாரங்கள் நான் பட்ட பாட்டை விவரித்துப் பயனில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பந்தய வண்டியின் அச்சுக்கு நடுவே டிஃபரன்ஷியல் என்றொரு பற்சக்கரக் கூடு இருக்கிறது. வளைவில் இருபுறச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது உதவுமாம். பாறையில் அது என்ன செய்கிறது தெரியுமா? கல்லைப் பிடித்துக்கொண்டு உழைக்கும் சக்கரத்தை அப்படியே நிறுத்திவிட்டு, காற்றில் வெட்டியாகத் தொங்கும் சக்கரத்துக்கு அத்தனை சுழற்சியையும் அள்ளிக் கொடுக்கிறது. உழைப்பவனுக்கு ஒன்றுமில்லை, ஊர்சுற்றிக்கு எல்லாம்! இந்த அநியாயத்தை ஒரு பொறியாளர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பதை எண்ணி நான் அன்று இரண்டு வேளை உண்ணவில்லை. கூட்டைத் திறந்து, கெட்டிப் பசையை அடைத்து, இரு சக்கரங்களும் சேர்ந்தே சுழலுமாறு பூட்டினேன்.

பூட்டியதும் மெல்லிய தண்டு முறுகி ஒடிந்தது. தடித்த தண்டு போட்டேன்; மோட்டார் சூடேறியது. பெரிய டயர் மாட்டினேன். அது உடலில் உரசியது. உரசாமலிருக்க உயர்த்தினேன், கவிழ்ந்தது. தவிர, அந்த வண்டியின் கால்கள் தனித்தனியே மடங்குபவை. ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் அது மட்டும் மடங்கிக்கொள்ள, வயிறு கல்லில் உட்கார்ந்துவிடும். ஒரு பிழையைத் திருத்தினால் இரண்டு பிழைகள் எழுந்தன. கடைசி வாரத் தொடக்கத்தில், மூன்றாம் படியில் மோட்டாரிலிருந்து புகை வந்தது.

"தைச்ச துணியெல்லாம் நாறுது" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. "ஜன்னலைத் திறங்க. இல்லன்னா அதை வெளிய போடுங்க. இல்லன்னா நீங்க போங்க."

நான் மூன்றையும் செய்தேன். வாசலில், புகையும் வண்டியைக் கையில் ஏந்தி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பொறுமையில் பத்து! ஒரு பாடத்தில் தவறியவனை மொத்த மதிப்பெண்ணைக் காட்டி மேல்வகுப்புக்கு அனுப்பச் சொல்லி எத்தனை தலைமையாசிரியர்கள் என்னிடம் மன்றாடியிருக்கிறார்கள்! அவர்களில் ஒருவருக்கும் இணங்காத நான், மைத்துனருடைய வண்டி என்றதும் கண்ணை மூடித் தேர்ச்சி போட்டிருக்கிறேன். வேகத்தில் வாங்கிய நூறு பாறையில் எதற்கு உதவும்?

உள்ளே போய்க் காட்டுவழி வண்டியைத் தையல் மேசைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தேன். முன்னும் பின்னும் ஒரே தண்டான கெட்டி அச்சு. ஒரு பக்கம் மேலே போனால் மறுபக்கம் கீழே அழுந்தி நிலத்தைப் பிடிக்கும். பற்சக்கரங்கள் பிறவியிலேயே பூட்டப்பட்டவை. மோட்டார் பலமுறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். வேகமும் தோற்றமும் பாறைக்கு வேண்டாத பாடங்கள். வேண்டிய பாடங்களில் எதிலும் அது தவறவில்லை. நசுங்கிய முகத்தை மேலுடலோடு கழற்றி எறிந்தால் தோற்றப் பிரச்சினையும் தீர்ந்தது.

மறுநாள் மைத்துனர் வந்தார். தரையில் புதிய வண்டியைக் கண்டு முகம் மாறினார்.

"என்ன அத்தான், கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போறீங்களா?"

"மாப்பிள்ளை, உங்க வண்டி தேர்ச்சி பெறலை."

"என் வண்டியா? கப்பு வாங்கின வண்டி!"

"ஒரு பாடத்துல போயிடுச்சு."

"எதுல?"

"பொறுமையில."

"வச்சிருந்தவனை மாதிரிதானேடா வண்டியும் இருக்கும்" என்றாள் அவருடைய அக்கா, நூலைப் பல்லால் கடித்தபடி.

அவர் சிரிக்கவில்லை. பந்தய வண்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். "நாலு நாள்ல புது வண்டி கட்ட எங்களாலயே முடியாது அத்தான். வீம்புக்குப் பண்ணாதீங்க. நாற்காலியில உட்கார்ந்தா என்ன குறைஞ்சிடப் போகுது?"

"நிக்கறதுக்குக் கால் இருக்கு மாப்பிள்ளை. அது குறையறப்ப நானே கேட்டு வாங்கிக்கறேன்."

பேட்டரியைப் பின்னாலிருந்து எடுத்து முன் அச்சின்மேல் கட்டினேன். ஏறும்போது முன்பக்கம் கனமாக இருந்தால்தான் வண்டி மல்லாந்துவிடாது. டயர்கள் கட்டைபோல இறுகியிருந்தன. மெல்லிய ரப்பர் டயர்கள் வாங்கினேன். ஆனால் அவற்றுக்குள் அடைக்கும் ஸ்பாஞ்சு மிருதுவாக இருந்தால்தான் டயர் கல்லின் வடிவத்துக்கு வளைந்து கவ்வும். கடையில் கிடைத்தது கடினம். தலையணையிலிருந்தது தொட்டாலே அமுங்கியது. மனைவி ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அவள் பார்வை கூடத்து மூலைக்குப் போய் அங்கேயே நின்றது.

அங்கே, என் பணி ஓய்வு நாளில் பள்ளியார் மாலையிட்டு வழங்கிய சாய்வு நாற்காலி இருந்தது. மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை.

போய் அமுக்கிப் பார்த்தாள். "இதேதான்" என்றாள். "இதுல ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கீங்களா?"

"இல்லை."

"இனிமே உட்காருவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப வெட்டட்டுமா?"

"வெட்டு."

அவள் கத்தரிக்கோல் அந்த மெத்தைக்குள் இறங்கிய ஓசையைப் போல அண்மைக்காலத்தில் எதுவும் எனக்கு இன்பம் தந்ததில்லை. நான்கு வளையங்கள் வெட்டினாள். ஒவ்வொன்றின் விளிம்பையும் கோணலில்லாமல் சீவிக் கொடுத்தாள்.

கடைசி ஞாயிறன்று வானம் இருட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் என் வண்டியை உற்றுப் பார்த்தார். உடலில்லாத வெறும் சட்டம். மேலே ரப்பர் பட்டையால் கட்டிய பேட்டரி. "எக்ஸ்ரே எடுத்த மாதிரி இருக்கு சார்" என்றார். மைத்துனர் தள்ளி நின்றார். அவருக்கருகில் சிவப்பு நாற்காலி, துடைத்துச் சுத்தமாக.

வழுக்கையின் அடிவாரத்தில் வண்டியை வைத்து, ரிமோட்டின் விசையைச் சற்றே இழுத்தேன். அது பாறையை முகர்வதைப் போல முன்சக்கரங்களைத் தூக்கி வைத்தது. பிறகு ஏறத் தொடங்கியது. பாதி உயரம் வரை சறுக்காமல் போனது. அங்கே ஒரு வெடிப்பு. வலப்பக்க முன்சக்கரம் அதற்குள் இறங்க, இடப்பக்கப் பின்சக்கரம் காற்றில் தூக்கியது. வண்டி சாய்ந்து நின்றது. ஒரு மழைத்துளி என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

"வேகத்தைக் கூட்டுங்க சார்!" என்றார் ஒருவர்.

"பின்னால எடுத்துட்டு மறுபடி வாங்க" என்றார் மருத்துவர்.

"யாரும் பேசாதீங்க!" இது மைத்துனரின் குரல். "அத்தான், விசையை விடாதீங்க. அப்படியே புடிங்க."

நான் விடவில்லை. கூட்டவும் இல்லை. தொங்கிய சக்கரம் சுற்றிற்று. ஆனால் பூட்டிய அச்சு என்பதால் அதன் இணைச் சக்கரமும் அதே அளவு சுற்றியாக வேண்டும். என் சாய்வு நாற்காலியின் மெத்தை மெல்ல நசுங்கியது. டயர் கல்லின் விளிம்பில் படிந்து, கவ்வியது. வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது. இன்னொன்று. வெடிப்பிலிருந்து முகத்தைத் தூக்கி, இருமுறை ஆடி, நிமிர்ந்து, சொட்டைத் தலையின் உச்சியில் போய் நின்றது.

எல்லாரும் கத்தினார்கள். மைத்துனர் பாறைமேல் தாவி, வண்டியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "சரி அத்தான், ஃபெயில்தான், ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா என் வண்டியில நீங்க அடைச்ச பசையைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துக் குடுங்க. கல் மாதிரி இறுகிக் கிடக்கு."

மழை வலுப்பதற்குள் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு சுற்று ஓட்டலாம் என்றார்கள். மருத்துவர் பழக்கத்தில் நாற்காலியை என் பக்கமாகத் தள்ளினார். "உட்காருங்க சார், ரொம்ப நேரமா நிக்கறீங்க."

நாற்காலி எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. ஏறிய ஏற்றத்தில் ஒரு சக்கரத்தின் நட்டு தளர்ந்திருந்தது. வண்டியை நாற்காலிமேல் மல்லாத்திப் படுக்கவைத்து, ஸ்பேனருக்காக மைத்துனரிடம் கையை நீட்டினேன்.