மூன்றாவது படம்

டாக்டர் செங்குட்டுவனின் ஆராய்ச்சி உரையைக் கேட்டால் காசநோய்க் கிருமிகள் செத்துப்போகும். அவர் தலைமுடி கொட்டக் கொட்ட உருவாக்கிய மருந்தை ஊற்றியபோது அதே கிருமிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஒருநாள் கருத்தரங்குக்கு ஒத்திகை பார்க்க ஆள் கிடைக்காமல் கிருமிகள் வளரும் கண்ணாடித் தட்டுகளின் முன்னால் நின்று பேசினார். முன்னுரை முடிவதற்குள் ஒரு தட்டு காலி.

அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் விஞ்ஞானி ஆயிற்றே, வந்த முடிவை ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும். மருந்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு உரையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். எலிக்குக் கால் பக்கம், முயலுக்கு அரைப் பக்கம் என்று அளவு முடிவானது. பக்கவிளைவு கொட்டாவி மட்டும்தான்.

"உங்க பேச்சுல என்னவோ இருக்குன்னு எனக்கு எப்பவுமே தோணும் செங்குட்டுவன்" என்றார் இயக்குநர் ஹேமலதா. அவர் எல்லா உரைகளிலும் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்குபவர்.

முதல் நோயாளி பஸ் கண்டக்டர் சூசைமாணிக்கம். இருமி இருமி விசிலே ஊத முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் செங்குட்டுவன் கட்டிலருகே நின்று அவர் நெஞ்சைப் பார்த்துப் பேசினார். உரையில் வரும் படங்களையும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். இருமல் நன்றாகக் குறைந்தது, ஆனால் அடியோடு நிற்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"சார், அந்த மூணாவது படத்த இன்னொரு தடவ காட்டுறீங்களா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

மருந்துக்கு மசியாத கிருமி. எந்த மருந்துக்கும் இப்படி ஒன்றிரண்டு தப்பிக்கும். அதற்கு வழியும் இருந்தது. இயக்குநரின் வரவேற்புரையையும் சேர்த்துக் கொடுத்தால் எதுவும் பிழைக்காது. மறுநாள் காலை வந்து பேசுவதாக அவரும் ஒப்புக்கொண்டார்.

செங்குட்டுவனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கட்டிய மனைவிகூட இரண்டாவது படத்திலேயே கண்ணயர்ந்துவிடுவாள். இன்னொரு தடவை என்று அவரிடம் கேட்ட முதல் ஜீவன் அது. அதற்காக ஒரு மனுஷனைக் காலமெல்லாம் இருமவிடவும் முடியாது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்.

காலையில் இயக்குநரின் கார் வாசலில் வந்து நின்றபோது செங்குட்டுவன் கட்டிலருகே குனிந்தார்.

"மூணாவது படம் எங்க ஆபீஸ்ல பெரிய திரையில இருக்கு. வெளிய வாயேன்" என்றார்.

சூசைமாணிக்கம் ஒரே ஒரு இருமல் இருமினார். கிருமி கைக்குட்டையில் வந்து இறங்கியது.

கண்டக்டர் வேலைக்குத் திரும்பினார். கிருமி மூடிய தட்டுக்குள் இருந்தபடி, தூங்கும் இயக்குநருக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் பாடம் கேட்டது. மூன்றாவது படம் இத்தனை வருடமும் தலைகீழாக இருந்ததை அதுதான் சொன்னது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செங்குட்டுவன் மருந்தையும் செய்திருந்தார். மருந்து வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

போன வெள்ளிக்கிழமை சூசைமாணிக்கம் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு, ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வந்தார். செங்குட்டுவன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எப்படிப் படிக்கிறான் சார்?"

"ஒருநாள்கூட லீவு போடறதில்ல. சந்தேகம் வந்தா உடனே எழுந்து கேட்டுடறான்."

சூசைமாணிக்கம் தட்டுக்குள் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"எங்கிட்ட இருந்த வரைக்கும் வாயே தொறக்க மாட்டான் சார்."